வரி பியூன் முனியப்பனுக்கு வந்த ஓட்டு

கொட்டாய் பஜாரில் முனியப்பனைத் திட்டாத வீடு ஒன்றுகூட இருந்ததில்லை. திட்டிய வாயாலேயே பாதிப் பேர் அவரை நல்ல மனுஷன் என்றும் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான். அவர் பஜார் கமிட்டியின் வரி பியூன். மாதம் பிறந்தால் தோளில் காக்கிப் பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் விளக்கு வரியும் குப்பை வரியும் வாங்குவார். மூன்று மாதம் வரி நின்றுபோனால் அதே வீட்டுக்குப் போய் ஒரு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வருவார். அதற்கு ஜப்தி என்று பெயர். பாக்கியைக் கட்டினால் பாத்திரம் திரும்பி வரும், கட்டாவிட்டால் ஏலம்.

கோலார் தங்கவயலில் ஊரிகத்துக்கும் சாம்பியன் ரீப்ஸுக்கும் நடுவில் இருந்தது அந்த பஜார். கம்பெனி கட்டிய லைன் வீடுகளில் இடம் கிடைக்காத சுரங்கத் தொழிலாளிகளும், லைனில் அடைந்து கிடக்கப் பிடிக்காதவர்களும், அவர்களை நம்பிக் கடை போட்டவர்களுமாகச் சேர்ந்து தட்டிக் கொட்டாய்கள் போட்டுக்கொண்ட இடம். எல்லாம் சேர்த்து இருநூறு வீடு இருக்கும். லைனில் இருப்பவனுக்கு விளக்கும் குப்பையும் கம்பெனி பார்த்துக்கொள்ளும், வரி கிடையாது. பஜார்க்காரன் தன் கைக்காசைப் போட்டால்தான் தெருவில் விளக்கு எரியும். பிளேக் வந்து பாதி பஜார் காலியான வருஷத்துக்குப் பிறகு, குப்பை அள்ள ஆள் வேண்டும் என்று மேலிடத்திலிருந்து நெருக்கி, ஐந்து பேர் கொண்ட கமிட்டி ஒன்றை ஏற்படுத்தினார்கள். வீட்டுக்கு மாதம் ஓரணா வரி. அந்த ஓரணாவுக்கு எங்கள் ஜனங்கள் போட்ட சண்டையை எழுதினால் தனியாக ஒரு புத்தகம் ஆகும்.

முனியப்பனுக்குச் சொந்த ஊர் குடியாத்தம் பக்கம். ஆயிரத்து எண்ணூற்று எண்பதுகளின் கடைசியில், தங்கம் வெட்டக் கூலி தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பெண்டாட்டி பார்வதம்மாவோடு வந்தார். பௌரிங்பேட்டையில் ரயிலை விட்டு இறங்கி, வண்டிக்குக் காசில்லாமல் நடந்தே வந்து சேர்ந்தவர்கள். வந்த மறுநாள் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி, ஷாஃப்ட் என்கிற ஆழக் குழிக்குள் இறங்கினார். ஷிஃப்ட் முடிந்து மேலே வந்ததும், இனிமேல் நான் கீழே போனால் பிணமாகத்தான் போவேன் என்று சொல்லிவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டார். அத்தோடு சுரங்க வேலைக்கு முழுக்கு. மேலே கல் சுமப்பது, விறகு வண்டி தள்ளுவது என்று கிடைத்ததைச் செய்துகொண்டிருந்தவரைக் கமிட்டி ஆரம்பித்த அன்றைக்கே பியூனாக எடுத்துக்கொண்டார்கள். மாதம் ஆறு ரூபாய் சம்பளம். அவருக்கு முன்னால் இரண்டு பேரை அந்த வேலைக்குக் கேட்டுப் பார்த்ததாகவும், பஜாரில் உயிரோடு இருக்க ஆசை என்று சொல்லி அவர்கள் மறுத்ததாகவும் பேச்சு.

ஜப்தியில் அவருக்கு ஒரு முறை இருந்தது. அடுப்பில் இருக்கும் பாத்திரத்தைத் தொடமாட்டார். சோறு வெந்துகொண்டிருந்தால் வாசலில் குந்தி உட்கார்ந்து காத்திருப்பார். வடித்து, வேறு சட்டியில் மாற்றி, எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு, "ஆச்சாம்மா?" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு உள்ளே வந்து குண்டானைத் தூக்குவார். இது இரக்கம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். வாசலில் ஒருவன் குந்திக்கொண்டிருக்க உள்ளே உட்கார்ந்து சோறு தின்கிற கொடுமை அவருக்குப் புரியவே இல்லை. வந்தோமா எடுத்தோமா என்று போயிருந்தால் இதில் பாதிதான் திட்டு வாங்கியிருப்பார்.

அவருடைய காலை ஒடித்ததும் ஒரு ஜப்திதான். ஒரு வீட்டில் பாத்திரத்தையெல்லாம் முன்கூட்டியே அக்கம்பக்கத்தில் ஒளித்து வைத்துவிட்டார்கள். இவர் விடவில்லை. ஆட்டுக்கல்லைத் தூக்கினார். நான்கு அடி வைப்பதற்குள் அது நழுவி முழங்காலில் விழுந்தது. கல்லுக்கே பொறுக்கவில்லை என்று பஜார் சிரித்தது. சிரிப்பு அடங்க ஒரு வாரம் ஆனது. கால் சரியாகவே இல்லை. இடது முழங்கால் மடங்காமல் விறைத்துப்போய், ஒரு தடியை ஊன்றி, காலை இழுத்து இழுத்து நடந்தார். காலையில் ஆரம்பித்தால் ஒரு தெருவை முடிக்க மத்தியானம் ஆகிவிடும். வாங்கிய காசு சரியாக இருக்கும், பாத்திரம் தூக்கத்தான் முடியாது. வயதும் ஐம்பத்தைந்துக்கு மேல். பிள்ளைகள் இல்லை. குடியாத்தத்தில் இருந்த துண்டு நிலத்தைத் தம்பிமார்கள் எப்போதோ தங்கள் பேருக்கு மாற்றிக்கொண்டார்கள். வேலை போனால் அடுத்த வேளைச் சோற்றுக்கு அவர்களுக்கு வழியில்லை. அது பஜாருக்கே தெரியும்.

பென்ஷன் பேச்சை எடுத்தவர் கமிட்டி குமாஸ்தா ஏனோக். வேலூர் மிஷன் பள்ளியில் படித்தவர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், கணக்கில் புலி. வீட்டுக்கு மாதம் காலணா கூடுதலாகப் போட்டால் இருநூறு வீட்டுக்கு மூன்று ரூபாய் சேரும், அதை முனியப்பனுக்கு ஆயுசுக்கும் கொடுக்கலாம், அவருக்குப் பிறகு குப்பை அள்ளுகிற ஆட்களுக்கும் அதே பணம் உதவும் என்று எழுதிக்கொண்டு வந்தார். கமிட்டித் தலைவர் தாமோதர செட்டியார் ஜவுளிக்கடைக்காரர். அவருக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"சர்க்கார்ல வேலை செஞ்சா பென்ஷன் உண்டு. நாம சர்க்காரா? அஞ்சு பேர் கூடி விளக்குக்கு எண்ணெ ஊத்தறோம். அவ்ளோதான்" என்றார் செட்டியார்.

"எண்ணெ ஊத்தறதுக்கு வரி வாங்கறோமே ஐயா. வாங்கினவன் கால் போச்சே" என்றார் ஏனோக்.

நானே வேண்டாம் என்று முடிவு பண்ணினால் கடைக்காரர்களுக்கு மட்டும் நல்லவனாவேன் என்று செட்டியாருக்குத் தோன்றியிருக்க வேண்டும். புது வரி என்பதால் பஜாரே கூடிச் சொல்லட்டும், வீட்டுக்கு ஒரு ஓட்டு என்று தள்ளிவிட்டார். கைதூக்கும் கதை வேண்டாம் என்பதில் மட்டும் எல்லாரும் ஒன்றாக இருந்தார்கள். போன வருஷம் கிணற்றுக்குச் சுவர் கட்ட ஓட்டெடுத்தபோது இருநூறு வீட்டுக்கு முந்நூறு கை எழுந்தது. தவிர, முனியப்பன் முகத்துக்கு நேரே கையைத் தூக்கி வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை. தோற்றுப்போனால் அவர்தானே மறுபடியும் வரி கேட்டு வருவார்.

அதற்கும் ஏனோக் ஒரு வழி கண்டுபிடித்தார். சுரங்கத்தில் வேலை செய்கிறவன் ஒவ்வொருவனிடமும் நம்பர் போட்ட பித்தளை டோக்கன் ஒன்று இருக்கும். ஷிஃப்டுக்குப் போகும்போது டைம் ஆபீஸில் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும், மேலே வந்ததும் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒருவனுக்கு ஒன்றுதான், கள்ள டோக்கன் கிடையாது. அதையே ஓட்டாக வைத்துக்கொள்ளலாம் என்றார். கடைக்காரர்களுக்கு வரி ரசீது. இரண்டு மண்பானை. சுண்ணாம்பு பூசிய பானை பென்ஷனுக்குச் சம்மதம் என்பவர்களுக்கு, செம்மண் பூசியது வேண்டாம் என்பவர்களுக்கு. வாயில் துணி கட்டி, கை போகிற அளவுக்கு ஒரு கீறல். பானைகள் இரண்டும் தட்டி மறைப்புக்குள் இருக்கும். எண்ணி முடித்ததும் இரண்டு பானையிலும் இருப்பதை ஒன்றாகக் கலந்துவிடுவார்கள், அவரவர் டோக்கனை வாங்கிக்கொண்டு போகலாம். பேஷ் என்று செட்டியாரே மெச்சினார். இதில் ஓட்டை இருப்பது அந்தப் பஜாரில் ஒருவருக்கும் தெரியவில்லை. இருநூறு வீட்டில் நூற்றைம்பது வீட்டு ஆண்கள் நாள் தவறாமல் அந்த டோக்கனைக் கொடுத்துத்தான் பிழைத்தார்கள், இருந்தும் தெரியவில்லை.

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானத்துக்கு முன்னால். முதல் ஷிஃப்ட் ஆட்கள் பூமிக்குள் இருந்தார்கள். இரண்டாவது ஷிஃப்ட் ஆட்களும் ராத்திரி ஷிஃப்ட் முடித்துத் தூங்கி எழுந்தவர்களும் கடைக்காரர்களுமாக நூறு பேர் கமிட்டிக் கொட்டாய் முன்னால் கூடினார்கள். முனியப்பன் பானைகளுக்குப் பக்கத்தில் தடியை ஊன்றி நின்றார். தன் விஷயம் பேசும் இடத்தில் தானே நிற்கலாமா என்று அவரும் கேட்கவில்லை, மற்றவர்களும் கேட்கவில்லை. கமிட்டி கூடினால் பியூன் நிற்பது வழக்கம், நின்றார்.

முதலில் எழுந்தவன் நாகேஷ். மெஷின் டிரில் போடுகிறவன், மறைத்துப் பேசத் தெரியாதவன்.

"எனக்கு முனியப்பன் மேல கோவம் இல்ல. மூணு தபா என் அண்டாவை தூக்கினு போனாரு. அதுகூட போவட்டும். நான் கேக்கறது வேற. நம்ம பத்தாவது லெவல்ல பாறை விழுந்து ஒர்த்தனுக்கு கை போச்சு. கம்பெனி இன்னா குடுத்துது? ஊருக்குப் போடான்னு ரயிலுக்கு துட்டு குடுத்துது. பூமிக்கு கீழ போறவனுக்கு இல்லாத பென்ஷன் குண்டான் தூக்கறவனுக்கு எதுக்கு? அதுவும் என் துட்டுல?"

கேட்டதில் நியாயம் இருந்தது. ஏனோக் எழுந்து, ஒரு இடத்தில் ஆரம்பித்தால்தான் நாளைக்குக் கம்பெனியிடமும் கேட்க வாய் வரும் என்றார். அது நல்ல பதில்தான், ஆனால் ஏனோக் பேசினால் பிரசங்கம் மாதிரி இருக்கும், பின்னால் இருந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள்.

பிறகு மாணிக்கராஜ் எழுந்தான். முனியப்பன் வீட்டுக்கு அடுத்த கொட்டாய் அவனுடையது. இரண்டாவது ஷிஃப்டில் வேலை. அவன் பெண்டாட்டி லூயிசாவும் பார்வதம்மாவும் குழம்பு கொடுத்து வாங்கிக்கொள்வார்கள், முனியப்பன் பாதி நாள் சாப்பிடுவதே அவர்கள் வீட்டில்தான். மாணிக்கராஜுக்கு அவர் அண்ணன் மாதிரி.

"இவரு ஒரு பைசா தொட்டவர் இல்ல. அது எல்லாருக்கும் தெரியும். வயசான காலத்துல கையேந்த வுட்டா நமக்குத்தான் அசிங்கம். காலணாதானே" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். பேசும்போது நடுவில் இரண்டு முறை இருமினான்.

புட்டுக்கடை ரத்தினம்மா கடைசியாகப் பேசினாள். விதவை, வீடு அவள் பேரில் இருந்ததால் அவளுக்கும் ஓட்டு. "நான் ஒண்ணே ஒண்ணு சொல்றேன். இவருக்குப் பென்ஷன் குடுத்து வீட்ல உக்கார வெச்சாதான் நாம நிம்மதியா சோறு துன்ன முடியும். இல்லன்னா சாகற வரைக்கும் இவர்தான் வந்து வாசல்ல நிப்பாரு" என்றாள். கூட்டம் சிரித்துப் புரண்டது. முனியப்பனும் சிரித்தார். ஏனோக்கின் நியாயத்தைவிட அந்தப் பேச்சுக்குத்தான் ஓட்டு அதிகம் விழுந்திருக்கும் என்பது என் கணிப்பு.

பேச்சே இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஒவ்வொருவராகத் தட்டி மறைப்புக்குள் போய் டோக்கன் போட்டு வருவதற்குள் வெயில் சாய ஆரம்பித்தது. கடைசி ஆள் வெளியே வந்தான். ஏனோக் நோட்டை விரித்து, பேனாவை மையில் தொட்டார். அப்போது சங்கு ஊதியது.

அது இரண்டாவது ஷிஃப்டுக்கான முதல் சங்கு. இன்னும் அரை மணியில் டைம் ஆபீஸ் ஜன்னலில் டோக்கன் கொடுத்தாக வேண்டும். கொடுக்காதவன் கேஜில் ஏற முடியாது, அன்றைய கூலி எட்டணா போயிற்று. இரண்டாவது ஷிஃப்ட் ஆட்கள் நாற்பது பேரின் டோக்கனும் பானைக்குள் கிடந்தது.

எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து கத்தினார்கள். "நம்பரை எழுதிக்கினு குடுத்துடலாம்" என்றார் ஏனோக். எழுதினால் யார் எந்தப் பக்கம் என்று காகிதத்தில் நின்றுவிடுமே, எழுதவே கூடாது என்று ஒரே கூச்சல். செட்டியார் கையை உயர்த்தி, "சட்டம்னா சட்டம். எண்ணும்போது பானையில கீறதுதான் ஓட்டு. எடுத்துட்டா ஓட்டு இல்ல" என்றார். எண்ணி முடிக்கிற வரை ஒருவரும் பானையைத் தொடக்கூடாது என்றும் சேர்த்துக்கொண்டார்.

முனியப்பன் அந்தக் கூட்டத்தில் அதுவரை வாயைத் திறக்கவில்லை. இப்போது திறந்தார். "அதெப்படிங்க செட்டியாரே? எட்டணா கூலி போனா வீட்ல இன்னா துன்னுவாங்க? அடுத்த மாசம் வரி நின்னுடும். அப்புறம் நான்தான் போயி நிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே தட்டி மறைப்பைக் கையால் இழுத்துக் கீழே தள்ளினார். "வாங்கடா, அவனவன் டோக்கனை எடுத்துக்கினு ஓடுங்க."

தனக்கு விழுந்த ஓட்டுத்தான் போகும் என்று அவருக்குத் தெரியும். செட்டியார் இப்போதுதானே சொன்னார். ஆனாலும் முப்பது வருஷம் பிழைப்புக்காக அலைந்தவர், ஒரு நாள் கூலி என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வரி நிற்கும் என்ற கவலையும் பொய்யில்லை. அந்த மனுஷருக்கு இரக்கமும் வரியும் எப்போதும் சேர்ந்தே வரும்.

தட்டி விழுந்ததும் இரண்டு பானைகளும் நூறு பேர் கண்ணுக்கு முன்னால் வெளிச்சத்தில் நின்றன. எழுதினால் தெரிந்துவிடும் என்று கத்தியவர்கள், இப்போது எந்தப் பானையில் கையை விடுகிறார்கள் என்பதை ஊரே பார்க்கும். அதை முதலில் புரிந்துகொண்டவன் நாகேஷ். அவன் நேராகச் செம்மண் பானைக்குப் போனான், கையை விட்டுத் துழாவினான், டோக்கனை எடுத்து நம்பரைப் பார்த்தான். "நான் சொல்லிட்டுத்தானே போட்டேன்" என்று முனியப்பனிடம் சொல்லிவிட்டு ஓடினான். அவன் பின்னாலேயே சுண்ணாம்புப் பானைக்காரர்கள் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கு மறைக்க ஒன்றும் இல்லை. ஒருவன் டோக்கனை இன்னொருவன் எடுத்து நம்பரைக் கூவ, கை மாறி, தூசி பறக்க, இருபத்தைந்து பேருக்கு மேல் எடுத்துக்கொண்டு ஷாஃப்ட் பக்கம் ஓடினார்கள். ஓடியவர்களோடு அவர்கள் ஓட்டும் போனது.

பதினோரு பேர் மட்டும் எழுந்திருக்கவில்லை.

அவர்களும் இரண்டாவது ஷிஃப்ட் ஆட்கள்தான். மாணிக்கராஜும் அதில் ஒருத்தன். தலையைக் குனிந்துகொண்டு, மண்ணைக் கீறிக்கொண்டு, அங்கங்கே உட்கார்ந்திருந்தார்கள். முனியப்பன் ஒவ்வொருவரிடமும் காலை இழுத்துக்கொண்டு போனார்.

"எழுந்திருப்பா. ரெண்டாவது சங்கு ஊதிடுவான். இன்னாத்துக்கு எனக்காக கூலிய வுடற?"

மாணிக்கராஜின் தோளைப் பிடித்து உலுக்கினார். "ராஜு, சொன்னா கேளு. லூயிசா என்னத்தான் திட்டும். போய் எடுத்துக்கோ."

"இருக்கட்டும் ணா" என்றான் மாணிக்கராஜ். நிமிர்ந்து பார்க்கவில்லை.

இரண்டாவது சங்கு ஊதியது. முனியப்பன் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் கண் கலங்கி அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. தங்கள் அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனவனுக்காக எட்டணாவை விட்டுக்கொடுத்து உட்கார்ந்திருக்கிறார்களே என்று ரத்தினம்மாவும் மூக்கை உறிஞ்சினாள். காலணா வரி எட்டணா ஆக இரண்டரை வருஷத்துக்கு மேல் ஆகும். அதை ஒரே மத்தியானத்தில் விட்டார்கள் என்றால் சும்மாவா.

ஏனோக் சுண்ணாம்புப் பானையைக் கவிழ்த்து எண்ணினார். ராத்திரி ஷிஃப்ட் ஆட்களின் டோக்கனும் சில ரசீதுகளும். முப்பத்தொன்று. பிறகு செம்மண் பானையைக் கவிழ்த்தார். கடைக்காரர்களின் ரசீதுகள் முதலில் விழுந்தன. அவற்றின் மேல் பித்தளை டோக்கன்கள் கலகலவென்று விழுந்தன. எண்ணினார். முப்பத்தெட்டு. ஏழு ஓட்டில் பென்ஷன் தோற்றது. கலந்துவிட வேண்டும் என்பதை மறந்து, கணக்குப் பழக்கத்தில் டோக்கன் நம்பர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். உட்கார்ந்திருந்த பதினோரு பேரின் நம்பரும் அதில்தான் இருந்தது.

நடந்தது இதுதான். இரண்டாவது ஷிஃப்டில் வேண்டாம் என்று போட்டவர்களில் வெட்கம் இல்லாதவர்கள் நாகேஷும் இன்னும் இரண்டு பேரும்தான். மற்றவர்கள் முனியப்பனிடம் முந்தின நாள்வரை உங்களுக்குத்தான் ஓட்டு என்று வாயால் சொன்னவர்கள். ஊர் பார்க்க, அவர் பார்க்க, அந்தப் பானைக்குள் கைவிட அவர்களால் முடியவில்லை. அந்த வெட்கத்துக்கு எட்டணா கொடுத்தார்கள். உண்மையாகப் போட்டவர்கள் ஓடிவிட்டதால் அவர்கள் ஓட்டு அழிந்தது, பொய் சொன்னவர்கள் உட்கார்ந்திருந்ததால் அவர்கள் ஓட்டு நின்றது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. என் சின்ன தாத்தாவும் அந்தப் பதினோரு பேரில் ஒருவர் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அவர் சாகும்வரை அன்றைக்குத் தனக்கு வயிற்றுவலி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

டோக்கனைத் திருப்பிக் கொடுப்பது பியூன் வேலை. ஏனோக் தானே கொடுக்கிறேன் என்று எழுந்தார். முனியப்பன் விடவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, ஆளுக்கு ஆள் நடந்து, கையில் வைத்தார். மாணிக்கராஜிடம் வந்தபோது மட்டும் நின்றார்.

"நீ எழுந்து பேசினியேடா" என்றார்.

மாணிக்கராஜ் டோக்கனை வாங்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டான். இருமல் வந்து, அது நிற்கும்வரை முனியப்பன் காத்திருந்தார்.

"பேசும்போது நெசமாத்தான் ணா பேசினேன். உள்ள போய் பானை முன்னால நின்னப்போ நாகேஷ் சொன்னதுதான் காதுல கேட்டுது. நெஞ்சுல கல்லுத் தூசி ஏறிப்போச்சு. இன்னும் ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ. அப்பறம் எனக்கு யாரு ணா குடுப்பா?"

அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கம்பெனித் துரைகள் அந்தக் கூட்டத்துக்கே வரவில்லை, அவர்கள் பங்களாவில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பார்கள்.

முனியப்பன் நடக்க முடிகிறவரை அதே சம்பளத்தில் வேலை செய்யலாம் என்று கமிட்டி எழுதி வைத்தது. செட்டியார் அதைப் பெரிய தயவாகச் சொல்லிக்கொண்டார். அடுத்த மாதம் முனியப்பன் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மாணிக்கராஜோடு பேச்சு நின்றது. அவர் வாசலில் வந்து நிற்பார், லூயிசா ஓரணாவைக் கொண்டுவந்து வைப்பாள், போய்விடுவார். பெண்கள் இரண்டு பேரும் மட்டும் தட்டி இடுக்கு வழியாகக் குழம்பு கொடுத்து வாங்குவதை நிறுத்தவில்லை. ஆம்பளைங்க ஓட்டுக்கும் நம்ம ரசத்துக்கும் இன்னா சம்பந்தம் என்றாளாம் பார்வதம்மா.

மாணிக்கராஜ் சொன்னபடியே ஆனது. மறுவருஷம் மழை முடிந்த சமயம், ஏணி ஏறும்போது மூச்சு நின்று மயங்கி விழுந்தான். கம்பெனி டாக்டர் பார்த்தார், பேர் வெட்டினார்கள், டோக்கனை வாங்கிக்கொண்டார்கள். ரயிலுக்குப் பணம் தருகிறோம் என்றார்கள். போவதற்கு ஊர் இல்லை. அன்று சாயங்காலமே முனியப்பன் அவன் கொட்டாய்க்குள் போய்ப் பாயின் பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. அதற்குப் பிறகு தினமும் போனார்.

லூயிசா பங்களா ஒன்றில் துணி துவைக்கப் போனாள். அது சோற்றுக்கும் கஷாயத்துக்குமே இழுத்துப் பிடித்தது. வரி முதல் மாதம் நின்றது. இரண்டாவது மாதம் நின்றது. மூன்றாவது மாதம் முனியப்பன் ஏனோக்கிடம் போய், அந்த வீட்டைத் தள்ளுபடி செய்ய வழி உண்டா என்று கேட்டார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை அதுவரை வந்ததில்லை. ஏனோக் செட்டியாரிடம் கேட்டார். ஒருத்தனுக்குத் தள்ளினால் எல்லாரும் படுத்துக்கொள்வார்கள் என்று பதில் வந்தது. அந்த மூன்றணாவைத் தானே கட்டிவிட முனியப்பன் பார்த்தார். பார்வதம்மா ஒத்துக்கொண்டாள். மாணிக்கராஜ் ஒத்துக்கொள்ளவில்லை. உன் வாயில மண்ணு போட்டவன் நான், உன் துட்ட வேற வாங்கணுமா என்றான்.

நான்காவது மாதம் கமிட்டியிலிருந்து ஆளனுப்பி நினைவுபடுத்தினார்கள். முனியப்பன் ஒரு காலைநேரம் அந்த வாசலில் வந்து நின்றார். அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. வழக்கம்போல் குந்திக் காத்திருக்க அவரால் இப்போது முடியாது, கால் மடங்காது. நின்றுகொண்டே இருந்தார்.

உள்ளே இருந்து மாணிக்கராஜின் குரல் வந்தது. "இன்னாத்துக்கு ணா நின்னுக்கினே கீற? உன் வேலைய செய்."

லூயிசா மூலையில் இருந்த பித்தளைத் தவலையைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். கல்யாணத்தின்போது அவள் அப்பா வேலூரிலிருந்து தலையில் சுமந்துகொண்டு வந்து கொடுத்தது. முனியப்பன் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குனிந்தார். விளிம்பைப் பிடித்தார். தூக்க முடியவில்லை. இன்னொரு முறை பிடித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவர் முகத்தைப் பார்க்காமல் லூயிசா தவலையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க முன்னால போங்க மாமா. நான் எடுத்துக்கினு வரேன்."

ஜப்தி சாமான் கமிட்டிக்குப் போகும்போது பியூன்தான் முன்னால் போக வேண்டும், அது முறை. ரத்தினம்மா புட்டுக் கூடையை வைத்துவிட்டு எழுந்து நின்று பார்த்தாள். நாகேஷ் தன் வீட்டு வாசலிலிருந்து உள்ளே போய்விட்டான். முனியப்பன் தடியை ஊன்றிக் காலை இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். லூயிசா தன் தவலையைச் சுமந்துகொண்டு, அவரை முந்திவிடாமல், கமிட்டிக் கொட்டாய்வரை மெதுவாகப் பின்னால் நடந்தாள்.